பூதத்தின் எச்சில்

மூன்று மணிக்குப் பரமக்குடி கமிஷன் கடை,
ஆறுக்குச் சாயல்குடி, ஏழரைக்கு மூக்கையூர்.
குட்டியானை வண்டியின் கூம்பு ஒலிபெருக்கியில்
என் குரலே எனக்கு முன்னால் போகும்:
வெண்டை, கத்திரி, கேரட்டு, பீன்ஸே...
ஊருக்கெல்லாம் காய் விற்கிறவன் வீட்டில்
காய் தின்னாத பிள்ளை.

நாலு வயது மெல்சியா.
சூடை மீனின் முள்ளை நாக்காலேயே பிரித்துத்
தட்டோரம் வரிசையாக வைக்கிறவள்
வெண்டை விதையைக் "கல்லுப்பா" என்று துப்புகிறாள்.
"கடக்கரைப் பிள்ளைக்குக் கடல் போதும், விடுங்க"
என்பாள் ரெஜினா.
மூன்று நாளைக்கு ஒருதரம்
கழிப்பறையிலிருந்து எழும் அழுகையைக் கேட்டபின்
அவளும் அப்படிச் சொல்வதில்லை.

ராமநாதபுரம் புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன்.
கெட்டி அட்டை, பதினாறு பக்கம்,
முன்னூற்று இருபது ரூபாய்.
சூப்பர் வெண்டை!
தலையில் மஞ்சள் பூத் தொப்பி,
முதுகில் காற்றுக்குப் படபடக்கும் இலை.
வழவழப்புத்தான் ஆயுதம்.
எதிரி பிடித்தால் நழுவுவான்,
துரத்தினால் தெருவையே வழுக்க வைப்பான்.
பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைக்கு வேலை:
இங்கே மூன்று முறை தட்டு,
இந்தத் தாளை இழு,
புத்தகத்தைக் குலுக்கு, ஊது, கத்து.
எதிரி, சோர்வுப் பூதம்.
காய் தின்னாத பிள்ளைகளின் தோளில்
ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம்.

ஒன்பதாம் பக்கத்தில்
'பூதத்தை ஓங்கி அடி' என்று போட்டிருந்தது.
அவள் அடிக்கவில்லை.
"எதுக்குப்பா அடிக்கணும்?"
"கெட்ட பூதம்ல."
உற்றுப் பார்த்தாள்.
பூதத்தின் வாய் இருக்குமிடத்தில்
அட்டையில் ஓர் ஓட்டை,
விரல் விட்டுப் பல்லை எண்ணுவதற்கு.
"இதுக்குப் பசிக்குது" என்றாள்.

வீரன் பறந்து வரும் தாளை இழுத்துக் காட்டினேன்.
உச்சிப்புளி ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போவதுபோல்
நானே சத்தமும் போட்டேன்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தன் தட்டிலிருந்து ஒரு துண்டு வெண்டை எடுத்து
ஓட்டைக்குள் ஊட்டினாள்.
"ஆ காட்டு. நல்லா மெல்லு.
இத மட்டும் தின்னு, செல்லு தாரேன்."
ரெஜினா அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
துண்டு நழுவி
அந்தப் பக்கமாய் என் மடியில் விழுந்தது.
வீரனின் ஆயுதம் மெய்தான் போல.

நான் தூரப் போடு என்பதற்குள்
எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
"பூதத்தோட எச்சி."
பெரிய ரகசியம் போல் சொன்னாள்.
மென்றாள். முகம் சுருங்கியது.
விழுங்கினாள்.
நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.
"உவ்வே" என்று சொல்லிவிட்டு
அடுத்த துண்டையும் ஊட்டினாள்.
விழுந்ததைப் பூனைக்குப் போட்டாள்.

கணக்குப் பார்த்தேன்.
அன்றைக்கு வெண்டை கிலோ நாற்பது.
எட்டுக் கிலோ விலை கொடுத்து
ஒரு துண்டு தின்ன வைத்திருக்கிறேன்.
இப்படி யாவாரம் பண்ணினால்
குட்டியானைக்குத் தவணை கட்டியது போலத்தான்.

இப்போது ஒன்பதாம் பக்கத்தில்
கடுகு ஒட்டிக்கிடக்கிறது.
காய்ந்த கறிவேப்பிலை ஒன்று பூதத்துக்கு மீசை.
வீரன் வரும் தாள் கிழிந்து எங்கோ போயிற்று,
யாரும் தேடவில்லை.
சில நாள் மூன்று துண்டு, சில நாள் ஒன்றுமில்லை.
கேரட் ஓட்டைக்குள் நுழையாததால்
வட்டமாய் நறுக்கச் சொல்லி உத்தரவு.

நேற்று வாடைக்காற்று பலமாய் வீச
படகு எதுவும் இறங்கவில்லை.
மூக்கையூரில் மீன் இல்லாத நாளில்தான்
என் தராசுக்கு மரியாதை.
காலி வண்டியில் ஏறிச் சாக்குகளை உதறிப் பார்த்தாள்.
"பூதத்துக்கு என்னப்பா?"
மூலையில் கிடந்தது ஒரே ஒரு பாகற்காய்.
எடுத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அதுக்கு இது பிடிக்காது" என்றாள்,
பூதத்தைக் கேட்காமலே.