சப்பாத்தோடு தூங்குகிறவன்

பகாவ் பட்டணம் முடிந்து
செம்பனை தொடங்கும் இடத்தில் எங்கள் இல்லம்.
இருபத்து மூன்று பிள்ளைகள். இரவுக்கு நான் ஒருத்தி.
முன்பு கையுறைத் தொழிற்சாலையில்
ஓட்டை விழுந்ததைப் பிரித்துப் போடும் வேலை.
காற்றடித்துப் பார்த்தால் அங்கே தெரிந்துவிடும்.

சிரம்பானிலிருந்து வந்த புவான்
பிள்ளைக்கொரு படிவம் வைத்திருந்தார்.
அடி வாங்கியதுண்டா. அம்மா அடி வாங்கப் பார்த்ததுண்டா.
வீட்டில் குடி உண்டா. சிறைக்குப் போனவர் உண்டா.
உண்டு என்றால் ஒன்று,
கூட்டிக்கொண்டே வர வேண்டும்.
சர்வேந்திரனுக்கு ஏழு.

ஏழு என்றால் என்னங்க என்று கேட்டேன்.
எண் ஏற ஏறப் பின்னாளில்
மனசு கெட வாய்ப்பும் ஏறும் என்றார்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டு,
வாய்ப்புதான், விதி இல்லை என்றார்.

பின்னாள் எதற்கு?
பத்து வயதில் அவன்
பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்தை
மாட்டிக்கொண்டுதான் படுக்கிறான்.
கயிற்றில் இரட்டை முடிச்சு.
முதல் வாரம் கழற்றப் பார்த்தேன்.
கண்ணைத் திறக்காமலே உதைத்தான்,
என்னை அல்ல,
எனக்குப் பின்னால் நின்ற யாரையோ.

பிறகுதான் கோப்பைப் படித்தேன்.
மேல் டிவிஷன் லயத்திலிருந்து
தங்கையைத் தூக்கிக்கொண்டு
வெட்டிப்போட்ட மட்டை முள்ளில்
வெறுங்காலோடு பெரிய ரோடு வரை ஓடிய இரவு
அதில் ஒரே வரி.
தங்கைக்கு மூன்று வயது.
சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் இல்லம்
கிள்ளானில்தான் இருக்கிறதாம்.

லோஷினிக்கு இரண்டுதான் வந்தது.
எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிற பிள்ளை.
சோறு போட்டால் நன்றி. திட்டினால் நன்றி.
ஊசி போட்ட நர்சுக்கு இரண்டு முறை நன்றி.
பிரச்சினை இல்லாத பிள்ளை என்று
பகல் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.
இரவு மூன்று மணிக்கு
குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுவாள்.
தண்ணீர் பில்லைப் பார்த்து
நிர்வாகி என்னைக் கேட்டார்.
ஒழுகுகிறது என்றேன்.

ஆலைச் சங்கு ஐந்தரைக்கு ஊதும்.
அன்றைக்கு மழையில், எதற்கோ, இரண்டு மணிக்கே ஊதியது.
சர்வேந்திரன் கட்டிலுக்கு அடியில்.
வா என்று கூப்பிடவில்லை. கை நீட்டவும் இல்லை.
சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து
பிஸ்கட் டின்னைத் திறந்து
நானே தின்றுகொண்டிருந்தேன், சத்தமாக.
அரை டின் காலியான பிறகு
இருட்டிலிருந்து ஒரு குரல்:
'அக்கா, கேட்டு பூட்டியாச்சா?'
பூட்டியாச்சு.
'சாவி?'
என் இடுப்புல.
'நாம ஓடணும்னா?'
பின்கதவு சும்மா தாழ் போட்டுத்தான் இருக்கு, உனக்கு எட்டும்.
அது பொய்.
மறுநாள் பட்டணத்தில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன், ஆறு வெள்ளி.
பூட்டைக் கழற்றிவிட்டு
அவன் தோள் உயரத்துக்கு அதை அடித்து
எண்ணெய் விட்டேன்.
விதிப்படி அது குற்றம்.

போன செவ்வாய், நான்கு மணிச் சுற்று.
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தேன்.
ஒரு சப்பாத்து தரையில்.
மற்றது காலில்.
போர்வைக்கு வெளியே அந்த வெறும் பாதம்,
யாரும் பார்க்காத இடத்தில்
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

பதிவேட்டை விரித்தேன்.
எழுதினால் முன்னேற்றம் என்பார்கள்.
முன்னேற்றம் என்றால்
மாமன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கடிதம் போகும்.
மாமன் வீடு அதே லயம், நான்காவது கதவு.
எழுதாவிட்டாலோ
அந்தப் புவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதற்குச்
சாட்சி இல்லாமல் போகும்.

மூடியைப் போட்டு, எடுத்து, போட்டு,
கடைசியில் இப்படி எழுதினேன்:

4.10. மழை விட்டுவிட்டது. எல்லோரும் தூக்கம்.
பையன்கள் அறையில் கட்டிலோரம்
ஒரு சப்பாத்து கிடக்கிறது.
எடுத்து வைக்கவில்லை.