பிடித்தம்

ஷார்ஜா, சஜா, ஏழாம் நம்பர் கேம்ப்.
நான் டைம்கீப்பர்.
யார் எத்தனை மணிக்கு பஸ் ஏறினான்,
எத்தனை மணிக்கு வெயிலில் இறங்கினான்
என்று கட்டம் போட்டு எழுதுகிறவன்.
ஏசி வைத்த போர்ட்டாகேபின் எனக்கு.
அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது.
அதில் தப்பில்லை.

நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை.
ஹஜ் பெருநாளுக்கு முன் செக் வரும் என்றார்கள்.
பெருநாள் போயிற்று.
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று.
ஊருக்குப் போன் போடுகிறவர்கள்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்,
மெதுவாகப் பேசினால்
கார்டு சீக்கிரம் தீராது என்பதுபோல்.

அந்த வாரம்தான் பேப்பரோடு வந்தது
வழுவழுப்பாக நாற்பது பக்க இணைப்பு:
‘பொற்காலத்தின் பத்தாண்டு.’
பதினான்காம் அறையில் அதை விரித்து
எட்டுப் பேர் குப்பூஸ் தின்றார்கள்.
ஒரு கோபுரத்தின் உச்சியில் பருப்பு சொட்டியது.
அவர்கள் கட்டியதுதான்.
ஒருவன் விரலால் வழித்து
நக்கிக்கொண்டான்.

நமக்குத் தொள்ளாயிரம், வங்காளத்தானுக்கு அறுநூறு,
அடுத்த கான்ட்ராக்டில் நமக்கும் அறுநூறுதான் என்று
கழிப்பறை வரிசையில் முணுமுணுத்தார்கள் நம் ஆட்கள்.
பழைய ஆட்கள் அடுப்பை விடுவதில்லை என்று
அவர்கள் மொழியில் அவர்கள்.
முதலாளி எந்த மொழியிலும் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை. ஒரே கேஸ் அடுப்பு.
யார் முதலில் என்று தொடங்கி
அம்மாவை இழுத்ததில் முற்றியது.
தங்கப்பழம் எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டான்.
மொஃபிசுல் கை முழங்கைவரை வெந்தது.
அடுத்த அறை என்னுடையது.
எனக்குக் கேட்டது.
டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

சனிக்கிழமை மேனேஜர் சொன்னார்:
“ரெண்டு பேருக்கும் மூணு நாள் பிடித்தம்.”
“சார், கொடுக்காத சம்பளத்தில்
எதிலிருந்து பிடிக்கிறது?”
“பிடி” என்றார்.
பிடித்தேன்.
பூஜ்யத்திலிருந்து மூன்று நாள் போனால்
எக்செல் அதைச் சிவப்பில் காட்டும்,
அடைப்புக்குறிக்குள்.

அன்றிரவு தங்கப்பழம் வந்து கதவைத் தட்டினான்.
சண்டைக்கு என்று நினைத்துச்
செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டேன்.
“தீப்புண்ணுக்கு மருந்து கிடக்கா?” என்றான்,
முகத்தைப் பார்க்காமல்.
அரை டியூப் இருந்தது.
யார் பேரிலும் எழுதிக்கொள்ளாமல்
கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஜெனரேட்டர் நின்ற ராத்திரி.
எல்லோரும் மொட்டைமாடியில்.
அவர்கள் இருவரும் ஓரத்தில்,
நடுவில் இன்னும் இரண்டு ஆள் உட்காரலாம்.
புழுதி இறங்கிய வானத்தில் தூரத்தில் துபாய்,
நம் கோபுரம் எரிந்துகொண்டிருந்தது
அத்தனை விளக்கோடும்.

கட்டுப் போட்ட கையை நீட்டி
“அறுபத்திரண்டு மாடி” என்றான் மொஃபிசுல், ஹிந்தியில்.
“அறுபத்து மூணு. டேங்க் மாடியை விட்டுட்டே.”
“டேங்க் மாடி ஒரு மாடியா?”
“ரெண்டு ராத்திரி நின்னு கான்கிரீட் போட்டமே.
குழாயை நீதானே பிடிச்சே.”
பாதி ஹிந்தியில், பாதி கைகளால்.

பிறகு இருவரும் திரும்பி
என்னைப் பார்த்தார்கள்.
கணக்கு என்னிடம்தானே.

அறுபத்து மூன்று என்றேன்.
தாளில் அந்த இரண்டு ராத்திரி இல்லை.