சலுகைக் காலம்

இரவு பதினொன்றே முக்கால், ஷார்ஜா.
ஏ.சி. சொட்டுக்கு வைத்த வாளி
பாதி நிறைந்திருக்கிறது.
பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம்
பிலிப்பினோப் பெண்
யாருக்கோ கிசுகிசுப்பாய்ப் பிறந்தநாள் பாட்டு பாடுகிறாள்.

மடிக்கணினியைத் திறக்கிறேன்.

"சகோதரி, என்ர தளம் முழுக்க வெள்ளையாப் போச்சு.
ஒண்டுமே இல்லை."
தோஹாவில் பூட்டுக்கடை வைத்திருக்கும் பைரவநாதன்.
முன்னே பின்னே பார்த்ததில்லை.
பயப்படாதீர்கள், எழுதுகிறேன்,
வெள்ளை என்றால் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை,
எங்கோ ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருக்கும்.
கடைசியாக எதைத் தொட்டீர்கள்?

"நான் ஒண்டையும் தொடேல்லை."

எல்லோரும் முதலில் சொல்வது அதுதான்.
பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"ஒரு சின்ன பிளகின் மட்டும்..."

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால்
வருமான வரி கேட்டதுபோல் ஒரு மௌனம்.

குவைத்திலிருந்து ஜெனோபா, வீட்டில் கேக் செய்து விற்பவள்:
பெருநாளைக்கு மூன்றே நாள்,
ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை, ஊரே மறந்துவிட்டது என்கிறாள்.
ஊர் மறக்கவில்லை.
இருநூற்றுப் பதினான்கு ஆர்டர்கள்
ஸ்பேம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.
அழுதாளா சிரித்தாளா,
எழுத்தில் தெரியவில்லை.

அடுத்தது மெல்க்கியோர், ஜுபைல்.
கிரேன் ஓட்டத் தெரிந்து வேலை இல்லாதவர்களுக்காக
ஒரு பட்டியல் நடத்துகிறார், காசு வாங்குவதில்லை.
டொமைன் காலாவதியாகி ஒன்பது நாள்.
பணம் கட்டிய கார்டு பழைய கம்பெனியோடு போய்விட்டது.
"பேரு போயிருச்சா மேடம்?
வேற எவனாச்சும் எடுத்துக்குவானா?"

உடனே தூக்கி எறிய மாட்டார்கள், எழுதுகிறேன்,
கொஞ்ச நாள் உங்கள் பேரிலேயே வைத்திருப்பார்கள்,
அதற்குள் கட்டிவிட்டால் எல்லாம் பழையபடி.
அதற்குச் சலுகைக் காலம் என்று பேர்.

எழுதிவிட்டுக்
கையை எடுத்துக்கொள்கிறேன்.

தலையணையில் கிடக்கும் தாளிலும்
அதே சொல் இருக்கிறது,
இரண்டு மொழியில், நீல முத்திரைக்குக் கீழே.
மத்தியானம் கொடுத்தார்கள். அறுபது நாள்.
நான் கட்டிய பதினேழு தளங்களின் கடவுச்சொற்களையும்
நான்கு மணிக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ஒன்று 'நெத்திலி' என்று இருந்தது.
மேலாளர் இரண்டு முறை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
என்ன அது?
மீன் சார்.
பெரிய மீனா?
இல்லை.

"வந்துருச்சு மேடம்! தளம் வந்துருச்சு!
எவ்வளவு தரணும்?"

ஒன்றும் வேண்டாம்.
படிவம் சரியாகப் போகிறதா என்று மட்டும் பார்த்துவிடுகிறேன்.

பெயர்: மரியரூபி.
ஓட்டத் தெரிந்த வண்டி: இல்லை.
அனுபவம்: பதினோரு வருடம்.
விசா முடியும் நாள்:

சோதனைக்கு எந்தத் தேதியும் போடலாம்.
ஒன்று ஒன்று இரண்டாயிரம் என்றுதான் வழக்கமாகப் போடுவேன்.
கை வேறு எண்களை அடித்தது.

'நன்றி. உங்கள் விவரம் கிடைத்தது.'

படிவம் வேலை செய்கிறது, மெல்க்கியோர்.

"யாரோ ஒரு பொண்ணு பதிஞ்சிருக்கு மேடம்,
வண்டி ஓட்டத் தெரியாதாம்."

அது சோதனை. அழித்துவிடுங்கள்.

"சரி மேடம்."

பிறகு,
"தேதி நெசம் மாதிரி இருக்கே?"

நான் பதில் போடவில்லை.
அந்தப் பக்கம் மூன்று புள்ளிகள்
துடிப்பதும் நிற்பதுமாக இருக்கின்றன.
இந்தப் பக்கம் வாளி நிரம்பிவிட்டது,
எழுந்து போய்க் கொட்ட வேண்டும்.