ஐந்து அட்டை குறைகிறது

சர்குலேஷன் மேனேஜர் அவர்களுக்கு,
பாம்பன் ரயிலடி ஏஜெண்ட் சீனி நெய்னா எழுதிக்கொள்வது.

ஆடி மாதக் கட்டு நாலு நாள் பிந்தி வந்தது.
கச்சான் காற்று.
மண்டபத்திலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள்.
கேப்டன் ரூபன் பார்சல் பெட்டியில்
வெற்றிலைக் கூடைகளுக்கு அடியில்
துப்பாக்கியை நீட்டியபடி படுத்திருந்தார்.

வந்தது இருபத்தைந்து.
விற்றது பதினொன்று.
விற்காததற்கு அட்டையைக் கிழித்து அனுப்பு,
உள்தாளை அழித்துவிடு என்பது உங்கள் விதி.
பதினாலுக்கு ஒன்பது அட்டைதான் வந்தது,
ஐந்து எங்கே என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள்.
புரட்டாசியிலிருந்து பத்துப் பிரதிதான் என்றும்.

சொல்கிறேன்.

ஒன்று, கிழிக்கும்போதே கையைவிட்டுப் போயிற்று.
தென்கடல் காற்று அதைத் தூக்கி
வடகடலில் போட்டது.
மஞ்சள் சட்டை கொஞ்ச நேரம் மிதந்தது.
சாட்சி: போர்ட்டர் இருளாண்டி.

இன்னொன்று ராயப்பன் வள்ளத்தில்
அணியத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறது.
பசை கிடைக்காமல் கீல் பூசி ஒட்டியிருக்கிறான்.
பெயர்த்துப் பார்த்தேன்.
பலகை வரும், அட்டை வராது.

மூன்றாவதைச் செங்கோல் மேரி விலைக்கு வாங்கினாள்.
புத்தகத்தை அல்ல, அட்டையை மட்டும்.
பாசி எடுத்த ஈரக் கையால் பத்துக் காசு.
அட்டையைத் தனியே விற்கக்கூடாது என்று
உங்கள் விதியில் எங்கும் இல்லை,
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.
கதை அவளுக்கு மனப்பாடம்.
சின்னப்பாலத்தில் பாசி காயும் மணலில் உட்கார்ந்து
உள்தாளை உரக்கப் படிப்பவளே அவள்தான்.

ஆமாம்,
உள்தாளை நான் அழிக்கவில்லை.
எழுதிவிட்டேன். இனி அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

வள்ளத்துக்கு ஒன்றாகப் போகிறது.
நெகிழித்தாளில் சுற்றி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில்.
நடுக்கடலில் இரண்டு வள்ளம் ஒட்டி நின்றால்
பீடி கைமாறும், பிறகு இது.
திரும்பி வரும்போது இருபதாம் பக்கத்தில் செதில்.
உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை அல்லவா,
கேப்டன் சட்டை சிவப்பு என்கிறது ஒரு வள்ளம்,
பச்சை என்கிறது இன்னொன்று.
ஒரு கூடை நெத்திலி பந்தயம்.

நாலாவது கப்பல் ஏறியது.
தலைமன்னார்க் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஜெகசோதி
முழுப் பிரதியாகவே கடனுக்குக் கொண்டுபோனார்.
அட்டையை அக்கரைச் சுங்கத்தில் வைத்துக்கொண்டார்களாம்.
மீதி வந்தது.
கடைசிப் பக்கத்தில் 'தொடரும்' என்பதற்குக் கீழே
அங்கே யாரோ பென்சிலால்
முடிவை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.
ஒன்றரைப் பக்கம், ஓரங்களிலும் ஏறி.
ஆவணி இதழ் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.
பென்சில்காரர் பக்கம்தான் ஊர்.
வருத்தப்படாதீர்கள்.

விற்பனை பதினொன்று, அது சரி.
உங்கள் பதவியில் சர்குலேஷன் என்று போட்டிருக்கிறதே,
அதை இந்த பாரத்தில்
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஐந்தாவது என் கல்லாவில் இருக்கிறது.
பந்தயத்துக்குத் தீர்ப்பு சொல்ல எடுத்துவைத்தேன்.
இன்னும் காட்டவில்லை.
காட்டிவிட்டால் நாளைக்கு
சிவப்பும் பச்சையும் எதற்குக் கடைக்கு வரும்?
வந்தால் வெற்றிலையாவது வாங்குகிறார்கள்,
சில நாள் உங்கள் புத்தகத்தையும்.

கமிஷன் போக ஐந்து பிரதிக்கு
இரண்டு ரூபாய் எண்பத்தொரு காசு
மணியார்டரில் வருகிறது.
மேரியின் பத்துக் காசு அதற்குள்ளேயே.
கால் பைசாவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இருபத்தைந்தே அனுப்பவும்.
காற்று இன்னும் அடங்கவில்லை,
கட்டுக்கு இரட்டைச் சணல் போடச் சொல்லவும்.