எழுபத்திரண்டு மணி நேரம்

மடிக்கணினி வைக்க இடம் கேட்டால்
காளான் கூடையைத் தரையில் இறக்குகிறாள் ஹில்பா,
தூங்கும் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்குவதுபோல.
யோயென்சூவில் செப்டம்பர்.
மூன்று நாளாக மழை.

பதினோரு வருடமாக இதுதான் வேலை:
யாரோ காட்டிலிருந்து படம் அனுப்புவார்,
தின்னலாமா?
பார்த்துச் சொல்வாள். காசு வாங்கியதில்லை.
போன ஆண்டு இருபத்தோராயிரம் படங்கள்,
இந்த ஆண்டு கண்ணில் அறுவை.
அதனால் என்னை அழைத்தாள்.
நான் கட்டணக் கதவு கட்டுகிறவன்.
நேற்றைய மழைக்கு இன்று முளைத்த ஆள்,
என் நிறுவனத்துக்கு வயது ஏழு மாதம்.

மூன்று படிகள் போட்டேன்.
மாதம் நான்கு யூரோ, ஒன்பது, பத்தொன்பது.
எல்லோரும் நடுப்படியில்தான் ஏறுவார்கள்,
மேல்படி எதற்கென்றால்
நடுப்படி மலிவாகத் தெரியத்தான் என்றேன்.
"அப்போது அது படியில்லை, பொம்மை" என்றாள்.
வெண்கலம், வெள்ளி, பொன் என்ற பெயர்களையும் அழித்து
கூடை, வாளி, சாக்கு என்று எழுதினாள்.
முதல் மாதம் இலவசம்,
அட்டை எண்ணை மட்டும் முதலிலேயே வாங்கிக்கொள்வோம்,
நிறுத்த மறந்துபோகிறவர்கள்தான் நம் சோறு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதையும் அழித்தேன்.

கடைசியாக ஒரு வரி, சாம்பல் நிறத்தில், சிற்றெழுத்தில்:
உறுப்பினர் அல்லாதோருக்கு
எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் பதில்.
எங்கும் போடுகிற எண்தான்.
செருப்புக் கடைக்கும் அதையேதான் போட்டேன்.

காளான் பரப்பிய செய்தித்தாளின் ஓரத்தில்
ஹில்பா கணக்குப் போட்டாள்.
வெள்ளைக் காளான். அடியில்
உடைந்த முட்டையோடு போல ஓர் உறை.
தின்ற பன்னிரண்டாம் மணியில் வாந்தி.
அப்புறம் தெளிவு. எழுந்து நடப்பார்கள்,
காப்பி கேட்பார்கள்.
மூன்றாம் நாள் கல்லீரல்.
"உன் பதிலும் பாதிரியாரும்
ஒரே நேரத்தில் வந்து சேர்வீர்கள்."

இருபத்துநான்கு ஆக்கட்டுமா என்றேன்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது
நான் பேரம் பேசுவது.

விடிய விடியப் பிரித்துக் கட்டினோம்.
'விஷமா?' என்ற பொத்தான் மட்டும் கதவுக்கு வெளியே.
பெயர் வேண்டாம், அட்டை வேண்டாம்.
எப்படி உலர்த்துவது, வெண்ணெயில் எத்தனை நிமிடம்,
எந்த பிர்ச் மரத்தடியில் மறுபடி முளைக்கும்,
அதெல்லாம் உள்ளே.
உள்ளே வருகிறவர்கள் தரும் காசில்
இரவுக் காவலுக்கு மார்கெத்தா.

லாப்பின்ராந்தாவில் கலேர்வோ என்றொருவர்,
வாரம் நாற்பது தடவை
மஞ்சள் கந்தரெல்லியைப் படமெடுத்து 'விஷமா?' என்பார்.
குழந்தைக்கும் தெரிந்த காளான்.
படத்தின் மூலையில் சட்டி, வெண்ணெய் ஏற்கெனவே உருகியிருக்கும்.
இல்லை, என்று ஒரு சொல் அனுப்புவாள் ஹில்பா.
தடுத்துவிடலாம், இரண்டு வரி நிரல் போதும் என்றேன்.
"நாற்பத்தோராவது படம் என்னவென்று
உனக்குத் தெரியுமா?"

அக்டோபர் நான்கு, இரவு இரண்டேகால்.
பெயரில்லாத படம்.
பலகை, கத்தி, நறுக்காத சோயிக்கீரை.
நடுவில் அந்த வெள்ளை.
மார்கெத்தா நான்கு நிமிடத்தில் எழுதினாள்:
வேண்டாம். கையைக் கழுவுங்கள்.
தின்றிருந்தால் இப்போதே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.
பார்த்தாயிற்று என்று ஒரு சின்னக் குறி வந்தது.
அவ்வளவுதான்.

மாதக் கடைசி அறிக்கையை என் நிரல் தானே அச்சடித்தது.
கூடை நூற்றுப்பன்னிரண்டு, வாளி முப்பத்தொன்பது, சாக்கு இரண்டு.
வந்து பார்த்துச் சேராமல் போனவர்களை
அது 'இழந்தவர்கள்' என்ற பத்தியில் எண்ணும்.
அங்கே, நான்காம் தேதிக்கு நேரே, ஒன்று.

தலைப்பை மாற்ற உட்கார்ந்தேன்.
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.