வரிக்கணக்கு

பிர்னோவின் நவம்பர் மூடுபனி
ஆறாம் மாடி வரைக்கும் ஏறிவரும்.
அதற்கு மேலே எங்கள் அலுவலகம்.
அதற்கும் மேலே, கூட்ட அறைத் திரையில்,
ஓர் எண்: நாற்பத்தொரு விழுக்காடு.

"நம் நிரலில் இத்தனை பங்கை
இயந்திரமே எழுதுகிறது இப்போது" என்றார்
துணைத்தலைவர் ஓல்ட்ரிச் ஹவ்ரானெக்.
கைதட்டினோம்.
பிளம் ஜாம் வைத்த ரொட்டி கொடுத்தார்கள்.
எப்படி எண்ணினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும்.
எண்ணும் கருவியைப் பொருத்தியவள் நான்.

சாம்பல் நிறத்தில் அது ஒரு வரியை நீட்டும்.
டேப் விசையைத் தட்டினால் ஏற்றதாகக் கணக்கு.
அடுத்த நொடியே அழித்துவிட்டு
என் கையால் வேறு எழுதினாலும்
ஏற்றது ஏற்றதுதான்.
அழிப்பை எண்ணு என்று யாரும் சொல்லவில்லை.
நானாகவும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஊக்கத்தொகையை
அந்த எண்ணோடு முடிச்சுப் போட்டார்கள்.
அன்றிலிருந்து மேசைக்கு மேசை டக் டக்,
கோழிகள் தீனி கொத்துவதைப் போல.
ராதிம் தட்டுவான், அழிப்பான், தட்டுவான், அழிப்பான்.
அக்டோபரில் மலையேறும் காலணி வாங்கினான்,
சிவப்பு நாடா கோத்தது.

எல்லாமே வாயில் சுட்ட வடை
என்று தள்ளிவிடவும் முடியவில்லை.
மூன்று நாளாய் நான் தேடிய பிழையை
வியாழன் இரவு பதினொன்றரைக்கு
அதுதான் கண்டுபிடித்தது:
இரண்டு கடிகாரம், நடுவே ஒரு மணி நேரம்.
வாய்விட்டு நன்றி சொன்னேன் திரைக்கு.
அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பிழைப்பு தண்ணீர்க் கட்டணம்.
மீட்டரில் ஐந்தே இலக்கம்.
99999 தாண்டினால் மறுபடி சுழியம்.
அந்த ஒரு மாதம் மட்டும்
புது அளவு பழையதைவிடச் சின்னது,
கழித்தால் எதிர்மறை.
பதினோரு ஆண்டுக்கு முன் யித்கா
அந்த இடத்தில் எழுதி வைத்திருந்தாள்:
"இது பிழையல்ல. மீட்டர் ஒரு சுற்று முடித்திருக்கிறது.
இலட்சம் கூட்டு. அவசரப்பட்டுத் திருத்தாதே."

உதவியாளர் திருத்தியது.
தேவையற்ற குறிப்பு என்று அவள் பேச்சை நீக்கி
எதிர்மறைக் குறியைப் பூப்போல எடுத்துவிட்டது.
சோதனைகளும் எழுதியது, நாற்பது.
தன் கேள்வித்தாள், தன் விடைத்தாள்,
தானே போட்டுக்கொண்ட நூற்றுக்கு நூறு.
டேப் தட்டியது யார்?
பதிவேட்டில் என் பெயர்.

லீஷென் அடுக்ககத்தில் தனியாக வாழும்
பொகுமில் ஸ்மேகாலுக்கு
அந்த மாதம் மூன்று கன மீட்டர் தண்ணீர்.
ரசீதில் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம்.
போன் செய்தார். கத்தவில்லை.
"அம்மா, நான் குளித்தது உண்மை,
ஆனால் அவ்வளவு அழுக்கு இல்லை."

அழிப்பையும் எண்ணலாமா என்று
ஹவ்ரானெக்கிடம் கேட்டேன்.
கெட்டவரில்லை அவர்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.
"உரிமத்துக்கு மூன்று ஆண்டுப் பணம் கட்டியாயிற்று.
விற்ற கம்பெனியில் நம் முதலாளிக்குப் பங்கு.
ஜனவரிப் பட்டியலில் பதினாறு பேர்,
அதற்குக் காரணம் என்று எழுதியிருப்பது இந்த எண்.
எண் இறங்கினால்
காரணத்துக்கு நான் எங்கே போவேன்?"
பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.
நான் வெளியே நின்று சாத்தினேன்.

வசந்தத்திலேயே போய்விட்டாள் யித்கா,
முதல் பட்டியலோடு.
அவள் குறிப்பையாவது திரும்ப வைப்போம் என்று
"இது பிழையல்ல" என்று தொடங்கினேன்.
நின்றது விரல்.
மீதியைச் சாம்பல் நிறத்தில் அது நீட்டியது,
அவள் சொற்கள், அவள் முற்றுப்புள்ளி,
அந்த "அவசரப்பட்டு" கூட.
நீக்கியதை எங்கோ வைத்திருக்கிறது.

எழுத்தெழுத்தாய் நானே அடித்திருக்கலாம்.
அடிக்கத்தான் நினைத்தேன்.
பழக்கதோஷம்,
சுண்டுவிரல் முந்திக்கொண்டது.

மறுநாள் திரையில்
நாற்பத்திரண்டு.