காம் ஒன்று

செவ்வாய் இரவு இடி விழுந்தது,
சுக்தீதி சந்தைக்குப் பின்னாலிருக்கும் மின்கம்பத்தில்.
தராசுக்கு ஒன்றும் ஆகவில்லை.
கம்ப்யூட்டரும் காலையில்
வழக்கம்போல் இருமிவிட்டு எழுந்துகொண்டது.
இரண்டுக்கும் நடுவே பேச்சுதான் நின்றுபோயிருந்தது.

தராசின் நெற்றியில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன;
என் திரையில் எடைக்கான கட்டம் காலி.
செப்டம்பர். ஹேசல் கொட்டை உதிரும் மாதம்.
கேட்டுக்கு வெளியே மழையில் பதினேழு லாரிகள்.
கையால் எழுதிய ரசீதை எவரும் வாங்கமாட்டார்கள்.
எனக்கு முன்னால் இங்கே கணக்கெழுதியவர்
கையால்தான் எழுதினார்.

போத்தியிலிருந்து மினிபஸ்ஸில் தெமுரி வந்தான்.
மழைக்கோட்டின் உள்பையில் ஒரு கார்டு,
பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது.
"பத்து நிமிஷம், லமாரா" என்றான்.
பத்து நிமிஷம் என்று சொல்லிப் போன ஒருவரை
நான் ஏற்கனவே கல்யாணம் செய்து பார்த்தவள்.
டீ போட்டேன்.

மூடியைக் கழற்றினால்
ஒன்பது வருடத் தூசி.
விசிறிக்கடியில் பாதிக் கொட்டைத் தோல்,
எந்த வழியாகப் போனதோ.

"புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது" என்றது திரை,
கல்யாண மண்டபத்தில்
பெண் வீடா மாப்பிள்ளை வீடா தெரியாமல்
"வாங்க, வாங்க" என்பதுபோல.
அடுத்த நொடியே கேட்டது:
டிரைவர் எங்கே?

சிடி இருந்தது.
எங்கள் விண்டோஸுக்குப் பிறகு பிறந்த
அத்தனை விண்டோஸுக்கும் அதில் டிரைவர் இருந்தது.
வெளியே பதினேழு டிரைவர்கள்
சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்க,
உள்ளே ஒரு டிரைவர் கிடைக்கவில்லை.

பூதக்கண்ணாடி வைத்து
சில்லின் முதுகிலிருந்த எண்ணைப் படித்தான்.
அட்டையில் ஒரு கம்பெனி, சில்லில் வேறொரு கம்பெனி.
பத்தூமியில் ஒரு நண்பனுக்கு போன்.
மாலை மினிபஸ் ஓட்டி வந்தவர்
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு சேர்த்து
ஒரு ஃபிளாப்பியை என் கையில் கொடுத்தார்.
டிரைவர் வந்துசேர்ந்தது அப்படித்தான்.

அப்புறமும் மஞ்சள் ஆச்சரியக்குறி.
புதுக் கார்டும் நெட்வொர்க் கார்டும்
ஒரே குறுக்கீட்டு எண்ணுக்குச் சண்டை.
பிடுங்கி அடுத்த ஸ்லாட்டில் செருகினான். நீலத் திரை.
அதற்கும் அடுத்ததில். மௌனம்.
மஞ்சள் போயிருந்தது.
தெமுரி கையைத் தட்டினான், நான் தட்டவில்லை.
கட்டம் காலியாகவேதான் இருந்தது.

இரவு பதினொன்றுக்குப் புரிந்தது.
எடை புரோகிராமை எழுதியவனுக்குத்
தெரிந்த போர்ட் ஒன்றே ஒன்று: காம் ஒன்று.
புதியவனுக்குக் கிடைத்த பெயர் காம் ஐந்து.
காம் ஒன்று என்ற பெயரை
இடியில் கருகிய பழைய போர்ட் இன்னும் வைத்திருந்தது,
ரேஷன் கார்டில் இறந்தவர் பெயர்போல.
மாதாமாதம் அவருக்குச் சர்க்கரை அளந்துகொண்டிருந்தோம்.

மறுபடி அணைத்து,
டிலீட் விசையை அழுத்திப் பிடித்து,
எழுத்து மட்டுமே உள்ள அந்தப் பழைய திரைக்குள் போனான்.
பழைய போர்ட்டுக்கு நேரே "இயங்குக" என்றிருந்ததை
"வேண்டாம்" என்று மாற்றும் முன்
என்னை ஒருமுறை பார்த்தான்.
எதற்குப் பார்த்தான் என்று தெரியவில்லை.
மாத்து, என்றேன்.

ஐந்தை ஒன்றாக்கினான்.
கேபிளை மாட்டினான்.
புரோகிராமைத் திறந்தேன்.

31.4

தராசில் மூட்டை எதுவும் இல்லை.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
வயர் கோளாறு, என்றான்.
சுழியம் சரியில்லை, என்றேன்.
31.4 அப்போது 31.2 ஆனது, மறுபடி 31.4.
மூச்சு விடுவதைப்போல.

டார்ச் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.
வாட்ச்மேன் வலிகோவின் நாய்
தராசுத் தட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

எழுப்பவில்லை.
உள்ளே வந்து ரசீது அச்சிட்டேன்:
சரக்கு, நாய். ஈரம், அதிகம்.
நிகர எடை முப்பத்தொன்று புள்ளி நான்கு.
தெமுரி அதை மடித்து
கார்டு வந்த அதே பையில் வைத்துக்கொண்டான்.

கூலி கேட்க மறந்துவிட்டான்.
காலையில் போன் செய்து கேட்டான்,
மூன்றாவது லாரி எடையில் நிற்கும்போது.